டிஸ்க்கைத் தட்டிவிட்டவர் எங்கிருந்து வந்தார்?

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் பெசன்ட் நகர் கடற்கரையில், டிஸ்க் என்ற தட்டை வீசிப் பிடித்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுகிறேன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் கலப்பு அணிக்கு நான்தான் கேப்டன். மணலில் ஐந்து பேர் ஆடுவோம்: மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள்.

சென்ற மாதம் ஒரு போட்டியின் காலிறுதியில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. அடுத்த புள்ளியை எடுப்பவர்களுக்கே வெற்றி. டிஸ்க் என் கையில். எனக்குச் சற்றுப் பின்னால் எங்கள் அணிப் பெண் ஒருவர், திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். முன்னால் வலப்பக்கத்தில் இன்னொரு பெண் தனியாகக் கையை உயர்த்தி நின்றார். அவரைப் பார்த்தேன். ஆனால் முந்தைய ஆட்டத்தில் இரண்டு முறை டிஸ்க்கை நழுவவிட்டவர் அவர். அதனால் கல்லூரிக் காலம் முதல் என்னுடன் ஆடும் நண்பனுக்கு நீளமாக வீசினேன். எங்கிருந்தோ ஓடிவந்த எதிரணிப் பெண் ஒருவர் அதைத் தட்டிவிட்டார். அவர்கள் புள்ளி எடுத்தார்கள். நாங்கள் தோற்றோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆட்டத்தில் என் நண்பன் தாழ்வாக வந்த டிஸ்க்கைப் பிடித்துவிட்டதாகச் சொன்னான். அது மணலைத் தொட்டதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கையை உயர்த்தி நின்ற பெண் மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. ‘இந்த அணியில் யாரும் யாரையும் நம்புவதில்லை’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டார். மாமல்லபுரத்தில் ஒரு விடுதி எடுத்து, கண்ணை மூடிப் பின்னால் சாய்வது போன்ற நம்பிக்கை வளர்க்கும் விளையாட்டுகளை இரண்டு நாள் நடத்தலாம் என்று நினைக்கிறேன். பலன் இருக்குமா? நம்பிக்கையைப் பயிற்சியால் கொண்டுவர முடியுமா?

- கேப்டன், சென்னை

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே சொல்லில் நின்றேன்: ‘எங்கிருந்தோ.’

அவர் எங்கிருந்தோ வரவில்லை. கலப்பு ஆட்டத்தில் பெரும்பாலும் பெண்ணைப் பெண்தான் காவல் காப்பார். உங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் உங்களுக்குப் பின்னால் நின்றார். அவரைக் காத்தவர் உங்கள் அருகில்தான் இருந்திருப்பார். அப்படியானால் உங்கள் நண்பனுக்குப் போன டிஸ்க்கைத் தட்டியவர், கையை உயர்த்தி நின்ற பெண்ணைக் காத்திருக்க வேண்டியவர். அந்தப் பெண் ஏன் தனியாக நின்றார் என்பதற்கும் இதுவே காரணம். காவலர் அவரை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவில் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலிறுதியின் கடைசிப் புள்ளியில், காக்க வேண்டிய ஆளை விட்டு விலகும் துணிச்சல் அவருக்கு எப்படி வந்தது? ஆட்டம் முழுவதும் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் ஓடுகிறார், கையை உயர்த்துகிறார், டிஸ்க் வருவதில்லை. அரைமணி நேரம் கவனித்தவருக்கு இது போதும். உங்கள் அணிக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை எதிரணிக்காரர் படித்துவிட்டார். ஐந்து பேருடன் இறங்கிய நீங்கள் நான்கு பேராக ஆடினீர்கள். மிச்சமான ஒரு காவலரை அவர்களுக்கு நீங்களே கொடுத்தீர்கள்.

குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. ‘அவர் நழுவவிடுவார், அதனால் பாதுகாப்பான ஆளுக்கு வீசினேன்’ என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு ஆட்டக் கணக்காகவே தவறு என்று காட்டத்தான் இவ்வளவு விளக்கினேன். நம்பிக்கை என்றவுடன் நாம் மனத்தைப் பற்றியும் உறவைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறோம். இந்த விளையாட்டில் அது முதலில் மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதை மாற்றுகிறது.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு விஷயம். டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி, அதைச் சுற்றித் திரும்பலாம், அவ்வளவுதான். எதிரில் நிற்கும் காவலர் உரக்க எண்ணத் தொடங்குவார். புல்வெளி ஆட்டத்தில் 10 வரை. அதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயாக வேண்டும். கால்பந்தில் திறமைசாலி ஒருவர் பந்தைத் தானே கடத்திக்கொண்டு போய்விடலாம். கபடியில் பாடிப் போகிறவர் தனி ஆள். இங்கே எத்தனை பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஒரு அடிகூடத் தனியாக நகர முடியாது. 175 கிராம் எடையுள்ள அந்தத் தட்டு காற்றில் மிதந்து போவதால், ஆளைக் குறிவைத்து வீசுவதைவிட, அவர் அடுத்த நொடி வந்து சேரப்போகும் வெற்றிடத்தை நோக்கி வீசுவதுதான் வழக்கம். ஓடுகிறவர் வீச்சைப் பார்ப்பதற்கு முன்பே ஓடத் தொடங்க வேண்டும். வீசுகிறவர் அவர் வந்து சேர்வதற்கு முன்பே கையை விட வேண்டும். இருவருமே, மற்றவர் தன் பங்கைச் செய்வார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாமல் முதல் அடியை எடுத்து வைக்கிறார்கள்.

கபடியை நினைத்தபோது தோன்றியது: கைகோத்துச் சங்கிலியாக நின்று பிடிக்கும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பாய்ந்து இன்னொருவர் தயங்கினால் பாய்ந்தவர்தான் அடிபடுவார். தயங்கியவருக்கு ஒன்றும் ஆகாது. நம்பியவர்தான் விலை கொடுப்பார் என்பது இந்த ஆட்டத்திலும் அப்படியே.

டிஸ்க்கைப் பிடிப்பது, நழுவவிடுவது என்று இதை மட்டுமே கேப்டன்கள் கணக்கில் வைக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். காவல் காக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீசுகிறவருக்கு எதிரே நிற்கும் உங்கள் ஆள் ஒரு பக்கத்தை அடைத்து நிற்கிறார். ஆட்டக்காரர்கள் இதை ஃபோர்ஸ் என்கிறார்கள். மற்ற நால்வரும் அதை நம்பித் திறந்த பக்கத்தை மட்டும் காக்கிறார்கள். அடைத்தவர் சோர்ந்து, அந்தப் பக்கம் டிஸ்க் போய்விட்டால், கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, பின்னால் நின்றவர்தான் ஆளைக் கோட்டைவிட்டதாகத் தெரியும். அவர் சொன்னபடிதான் நின்றார். பழி மட்டும் அவருக்கு.

டிஸ்க் கையை விட்டவுடன் முன்னால் நிற்பவர் ‘அப்!’ என்று கத்த வேண்டும். பின்னால் ஆளைத் துரத்திக்கொண்டிருப்பவரின் முதுகு டிஸ்க் பக்கம் இருக்கும். அந்தக் குரல்தான் அவருக்குக் கண். உங்கள் அணியில் யார் தவறாமல் ‘அப்’ சொல்கிறார்கள், யார் சொல்வதில்லை என்று அடுத்த பயிற்சியில் கவனித்துப் பாருங்கள். கையை உயர்த்தி நின்ற பெண் தவறாமல் சொல்கிறவராக இருந்தால் எனக்கு வியப்பில்லை. டிஸ்க் கிடைக்காதவர்கள் பல நேரம் இத்தகைய வேலைகளில்தான் தங்கள் முழு உழைப்பையும் கொட்டுவார்கள். அதை யாரும் எண்ணுவதில்லை.

எனக்கு அந்த இடம் தெரியும். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் நானும் கலப்பு அணியில் சில ஆண்டுகள் ஆடியவள். தனியாக நின்று, கை உயர்த்தி, வீசுகிறவரின் கண் என்மேல் பட்டு, அப்படியே என்னைத் தாண்டிப் போவதை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் இன்னும் வேகமாக ஓடினேன். இரண்டாம் மாதம் ஓட்டம் ஒப்புக்கு ஆயிற்று. வராத டிஸ்க்குக்காக முழு மூச்சில் எத்தனை நாள்தான் ஓடுவது? மூன்றாம் மாதம் ‘உனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று கேப்டன் சொன்னார். அதற்குப் பின் என்றாவது ஒருநாள் டிஸ்க் வந்தபோது கை நடுங்கியது. இருபது நிமிடத்தில் ஒரே ஒரு வாய்ப்பு என்று தெரிந்தால் யாருக்கும் நடுங்கும். நழுவியது. ‘பார்த்தாயா’ என்று அவர் முகம் சொன்னது.

உங்கள் அணிப் பெண் நழுவவிட்ட அந்த இரண்டும், அந்த ஆட்டத்தில் அவருக்கு வந்த எத்தனையில் இரண்டு? உங்கள் நண்பன் நழுவவிட்டவை எத்தனை? அவனுக்கு வந்தவை எத்தனை? காணொளி இருந்தால் தனியாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அதற்காக, யாருக்கு வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வீசிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பெசன்ட் நகரில் வெயில் ஏறி, கடற்காற்று தொடங்கிய பிறகு, புதிதாக வந்தவருக்கு முழங்கால் உயரத்தில் வேகமாக ஒரு ஃபோர்ஹேண்ட் வீசிவிட்டு ‘நான் நம்பினேன், அவர்தான் பிடிக்கவில்லை’ என்று சொல்வது அவரை மாட்டிவிடுவது. ஒருவரை நம்புவது என்றால் அவருக்கு எது வரும் என்று தெரிந்துவைத்திருப்பது. சிலருக்கு நெஞ்சுக்கு நேரே வந்தால் இரண்டு கையாலும் அழுத்தி எப்படியும் பிடித்துவிடுவார்கள். சிலர் ஓட்டத்தில் ஒரு கையால் பறிப்பார்கள்; நின்று வாங்கச் சொன்னால் தடுமாறுவார்கள். சிலருக்கு இடப்பக்கமாக வளைந்து வரும் வீச்சு கண்ணுக்குப் பிடிபடாது. உங்கள் நண்பனைப் பற்றி இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். கல்லூரியிலிருந்து ஆயிரம் முறை அவனுக்கு வீசியிருக்கிறீர்கள். அணியின் மற்றவர்களிடம் நீங்கள் ‘நம்பிக்கையில்லை’ என்று சொல்வதில் பாதிக்கு மேல் வெறும் பழக்கமின்மைதான் என்று நினைக்கிறேன். அதைச் சரிசெய்வது கடினமான வேலை அன்று. உட்கார்ந்து பேசித் தீராது, வீசிப் பழகினால்தான் தீரும்.

மணலைத் தொட்ட டிஸ்க்குக்கு வருகிறேன். நீங்கள் ‘இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்’ என்று ஓரமாக எழுதியிருந்தாலும், உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

உலக ஃபிளையிங் டிஸ்க் சம்மேளனத்தின் விதிகளின்படி நடக்கும் ஆட்டங்களில், உலகச் சாம்பியன்ஷிப் போட்டி வரைக்கும், நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆடுகிறவர்களே அழைத்து, பேசி, முடிவு செய்ய வேண்டும். தன் அணியைச் சேர்ந்தவர் தவறான முடிவைச் சொன்னால் அதை அவரிடம் எடுத்துச் சொல்வதும் ஆட்டக்காரரின் கடமை. ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஒன்றுக்கொன்று நடத்தைக்கு மதிப்பெண் கொடுப்பதும் இதனால்தான்: விதிகளை அறிந்திருத்தல், உடல்மோதலைத் தவிர்த்தல், நியாய மனம், நல்லெண்ணமும் தன்னடக்கமும், பேசும் முறை என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. இதெல்லாம் ஆறு ஆண்டு ஆடிய உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எதிரணி உங்களுக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தது என்பது இங்கே எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் ஐந்து பேரில் இன்னும் யாரெல்லாம் அந்த டிஸ்க் மணலைத் தொட்டதைப் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் அடுத்து யார் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? கேப்டன் முகத்தை. நீங்கள் வாய் திறக்கவில்லை. அந்த நொடியில் அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்: நண்பனுக்காக இவர் கண்ணால் கண்டதையும் காணாததுபோல் இருப்பார். அடுத்த முறை எல்லைக்கோட்டில் கால் பட்டதா, யார் மேல் தவறு, கடைசிப் புள்ளிக்கு யாரை இறக்குவது என்று நீங்கள் எதைச் சொன்னாலும், அது ஆட்டத்துக்காகச் சொன்னதா அவனுக்காகச் சொன்னதா என்ற சந்தேகம் கூடவே வரும். சிறிது நேரம் கழித்து, தனியாக நின்ற பெண்ணைத் தாண்டி அதே நண்பனுக்கு வீசினீர்கள். உங்களுக்கு அவை இரண்டு சம்பவங்கள். அவர்களுக்கு ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் எழுதியவர்மேல் கோபப்படாதீர்கள். அணியைக் கைகழுவிவிட்டவர் அப்படி எழுத மாட்டார். பேசாமல் குழுவைவிட்டு வெளியேறியிருப்பார்.

சரி, என்ன செய்வது? மாமல்லபுரப் பயணம் வேண்டாம். கண்ணை மூடிப் பின்னால் சாயும்போது பிடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிடிக்காமல் விட யாருக்கும் காரணமில்லை. காலிறுதியின் கடைசிப் புள்ளியில் இருந்த பயம் அங்கே இருக்காது. சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் டிஸ்க் மறுபடியும் உங்கள் நண்பனுக்கே போகும். அந்தப் பணத்தில் இரண்டு புதிய டிஸ்க் வாங்குங்கள்.

முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். குழுவில் எழுதுவது வேண்டாம், வேறொருவரைத் தூது அனுப்புவதும் வேண்டாம். நேரில் சென்று, அவருக்கு வசதியான இடத்தில், ஐந்து நிமிடம் போதும். ‘ஏதாவது மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னிக்கவும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: ‘நீங்கள் தனியாக நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் வீசவில்லை. உங்களைக் காத்தவர்தான் வந்து தட்டினார் என்று பிறகுதான் புரிந்தது.’ திரும்பி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வருவதும் வராததும் அவர் முடிவு. ஒருவேளை வேறு அணிக்குப் போயிருந்தாலும் இந்தப் பேச்சு அவருக்குச் சேர வேண்டியது.

மணல் விஷயத்தைப் பயிற்சிக்கு முன் எல்லோரும் கூடி நிற்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் நண்பனிடம் முன்கூட்டித் தனியாகச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அவனை எல்லோர் முன்னும் நிறுத்தாதீர்கள். அவன் தொட்டதைக் கவனிக்காமலே இருந்திருக்கலாம். தாழ்வாக வரும் டிஸ்க்கைப் பிடிப்பவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. தெரிந்தும் பேசாதிருந்தவர் நீங்கள் ஒருவராவது நிச்சயம். முடிந்தால் அந்த எதிரணியின் கேப்டனுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். முடிவு மாறப்போவதில்லை, அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனாலும் அனுப்புங்கள்.

பயிற்சியில் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். ‘பெண்கள் கையில் டிஸ்க் பட்ட பிறகுதான் புள்ளி செல்லும்’ என்று விதி போடும் அணிகள் உண்டு. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அப்படி வரும் டிஸ்க்கை வாங்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குக்கு ஒரு தொடுதல், பிறகு அவசரமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அது வேண்டாம்.

பதிலாக, ஒரு மாதம் நீங்கள் உங்கள் இடத்தை விட்டுக்கொடுங்கள். நீங்கள் ஹேண்ட்லர், எப்போதும் டிஸ்க் உங்களிடமே வருகிறது. யாருக்குப் போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள். அந்த வேலையை இரண்டு பெண்களிடமும் கொடுத்துவிட்டு நீங்கள் முன்னால் போய் ஓடுங்கள். தனியாக நின்று கையை உயர்த்திப் பாருங்கள். சில நேரம் வராது. வராதபோது என்ன தோன்றுகிறது, அடுத்த ஓட்டத்தில் வேகம் எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். இந்தக் கடிதத்தில் நான் எழுதியதைவிட அது அதிகமாகச் சொல்லும்.

இரண்டாவது, திருப்பி வாங்கும் வீச்சு. நீங்கள் டம்ப் என்பீர்கள். அந்தக் கடைசிப் புள்ளியில் உங்களுக்குப் பின்னால் இருந்தவரை நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அவர் ஒரே வரியோடு போய்விட்டார். ஆட்டத்தில் மிக எளிய வீச்சு அது, அதனாலேயே யாரும் பழகுவதில்லை. எண்ணிக்கை பாதியைத் தொடும்போது முன்னால் என்ன நடந்தாலும் பின்னால் திரும்பிவிட வேண்டும், அங்கே ஆள் இருந்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இருவர் இருவராக, ஒரு காவலரை வைத்துக்கொண்டு, தினமும் பத்து நிமிடம். எல்லோரும் எல்லோருடனும் மாறி மாறி. நீங்களும் உங்கள் நண்பனும் மட்டும் ஒரு மாதத்துக்கு ஜோடி சேர வேண்டாம். மூன்று வாரத்தில், திரும்பினால் ஆள் இருப்பார் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். அப்போது கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக வீசும் அவசரமும் தானே குறையும்.

மூன்றாவது சிறியது. யாராவது நழுவவிட்டால், அடுத்து வாய்ப்பு வரும்போது அவருக்கு எளிதாக வரக்கூடிய ஒரு வீச்சை அவருக்கே கொடுங்கள். ‘பரவாயில்லை’ என்று கைதட்டுவது எல்லா அணிகளிலும் உண்டு. கைதட்டிவிட்டு அரைமணி நேரம் டிஸ்க் கொடுக்காவிட்டால் அந்தக் கைதட்டலை யார் நம்புவார்கள்?

நம்பிக்கையைப் பயிற்சியால் கொண்டுவர முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் உங்கள் அணியில் அதை இரண்டாவதாக யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலில் செய்ய வேண்டியவர் நீங்கள். இத்தனை நாள் யார் நம்பத்தகுந்தவர் என்று முடிவு செய்தவரும் நீங்கள்தானே.

ஒருவேளை அந்தப் பெண் வரும் சனிக்கிழமை காலை மணலில் வந்து நின்றால், கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு வரவேற்க வேண்டாம். வழக்கம்போல உடலைத் தளர்த்துங்கள், ஆளுக்கொரு பக்கம் பிரியுங்கள். ஆட்டம் தொடங்கும்போது டிஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஓடுங்கள்.